விசைப்படகின் விசிறி எவ்வளவு ஆழத்தில் சுழல வேண்டும்?

பத்து பெரிங்கி கடற்கரையில் மாலை நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? வானில் பாராசூட்டோடு ஒருவர் மிதப்பார். கீழே அவரை இழுத்துக்கொண்டு ஒரு வேகப்படகு ஓடும். அந்தப் படகு சட்டென்று வளையும்போது காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். சில நேரம் எஞ்சின் திடீரென்று 'வீர்' என்று அலறும். ஆனால் படகு முன்னைவிட மெதுவாகத்தான் போகும். ஓட்டுபவர் விசையைக் குறைப்பார். அலறல் அடங்கும். படகு மறுபடியும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்.

எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது படகு ஏன் மெதுவாகப் போக வேண்டும்? சங்கிலி கழன்ற சைக்கிளை மிதித்துப் பாருங்கள். கால் தாறுமாறாகச் சுற்றும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். படகிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. அங்கே கழன்றுபோவது சங்கிலி அல்ல, விசிறிக்கும் தண்ணீருக்கும் உள்ள பிடி. இந்தப் பிடி நிலைப்பதும் நழுவுவதும் பல நேரம் ஒன்றிரண்டு அங்குல உயரத்தைப் பொறுத்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பாடநூலில் உந்துவிசிறி என்று படிப்பீர்கள். நம்மூர் மலாய் மீனவர்கள் 'கிப்பாஸ்' என்பார்கள். நாம் விசிறி என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் படகின் பின்பக்கத்தைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான விசைப்படகுகளின் பின்புறம் சுவர்போல நேராக வெட்டப்பட்டிருக்கும். அது பின்பலகை. தெலுக் பஹாங் ஜெட்டியில் நிற்கும் சிறிய மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் முழுவதும் இந்தப் பலகையின்மேல் மாட்டித் தொங்கும். அதற்கு அவுட்போர்டு என்று பெயர். பெரிய வேகப்படகுகளில் வேறொரு ஏற்பாடும் உண்டு. காரில் இருப்பதைப் போன்ற எஞ்சின் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பின்பலகையில் உள்ள துளை வழியாக அதன் சக்தி வெளியே வந்து, 'இசட்' எழுத்தைப்போல இரண்டு முறை மடங்கி, கீழே உள்ள விசிறியைச் சுழற்றும். இது ஸ்டெர்ன்டிரைவ். அமெரிக்கரான ஜிம் வின் என்பவரின் யோசனையைக் கொண்டு, சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் அக்குவாமேடிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இரண்டு வகையிலும் தண்ணீருக்குள் இறங்கும் கால் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே படுக்கைவாட்டில் ஒரு தட்டையான தகடு. அதற்குக் கீழே ஒல்லியான கால். காலின் அடியில் டார்பிடோ குண்டைப் போன்ற ஒரு உருளை, அதற்குள் கியர்கள். உருளையின் பின்முனையில் விசிறி. எல்லாவற்றுக்கும் கீழே சுறாவின் துடுப்பைப் போன்ற ஒரு சிறு தகடு.

இப்போது படகின் அடிப்பாகத்தை ஒட்டி ஒரு நேர்க்கோட்டைப் பின்னோக்கி நீட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து விசிறி மாட்டியிருக்கும் அச்சின் மையம்வரை எத்தனை அங்குலம்? வேகப்படகு மெக்கானிக்குகள் இதை 'எக்ஸ் அளவு' என்கிறார்கள். படகின் வேகமும் எண்ணெய்ச் செலவும் இதைப் பொறுத்தவை. சில சமயம் ஓட்டுபவரின் உயிரும்கூட.

மேலே தூக்கினால் என்ன லாபம்?

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் பொருளையும் அது பின்னோக்கித் தள்ளும். அந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் 2 மடங்கானால் எதிர்ப்பு 4 மடங்கு, 5 மடங்கானால் 25 மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடும் நீர் ஒரு பரப்பின்மேல் நேராக மோதும்போது ஏற்படும் அழுத்தம், நீரின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். கடல்நீரின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1025 கிலோ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இந்த அழுத்தம் சுமார் 16,000 பாஸ்கல். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 396,000 பாஸ்கல், அதாவது கிட்டத்தட்ட 4 வளிமண்டல அழுத்தம். ஒரு சதுர சென்டிமீட்டர், உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடம், அதன்மேல் 4 கிலோ எடையை வைத்து அழுத்துவது போன்றது. கால் மீனைப்போல வழுவழுப்பான வடிவில் இருப்பதால் இந்த எதிர்ப்பில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் 25 மடங்கு என்ற விகிதம் மாறாது. இதைச் சமாளிக்க எஞ்சின் தரவேண்டிய திறனோ இன்னும் வேகமாக ஏறும். வேகம் 5 மடங்கு, திறன் 125 மடங்கு!

எனவே வேகப்படகு கட்டுபவரின் கண்ணுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு அங்குலக் காலும் ஒரு பிரேக்தான். காலைத் தூக்கினால் பிரேக் தளரும். பந்தயக்காரருக்கு அது வேகம். மீனவருக்கு அது பெட்ரோல். ஒரு நாளைக்குப் பலமுறை போய்வரும் சிறு படகில் தேவையில்லாமல் தாழ்ந்து கிடக்கும் எஞ்சின், பிடித்த மீனின் ஒரு பங்கைத் தினமும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும்.

அப்படியென்றால் தூக்கிக்கொண்டே போக வேண்டியதுதானே? முடியாது.

காற்று புகுந்தால்

விசிறி எப்படித் தள்ளுகிறது? நியூட்டனின் மூன்றாம் விதிப்படிதான். அது தண்ணீரைப் பின்னால் எறிகிறது, தண்ணீர் அதை முன்னால் தள்ளுகிறது. எறியப்படும் பொருளுக்கு நிறை இருந்தால்தான் இந்தத் தள்ளல் பலமாக இருக்கும். சுழலும்போது விசிறி இதழின் பின்பக்கம் அழுத்தம் கூடும், முன்பக்கம் குறையும். விசிறி நீர்ப்பரப்புக்கு மிக அருகில் இருந்தால், அழுத்தம் குறைந்த அந்தப் பக்கம் மேலிருந்து காற்றை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். இப்போது இதழ் எறிவது தண்ணீரும் காற்றும் கலந்த நுரை. அதில் நிறை குறைவு, தள்ளலும் குறைவு. சுமை இல்லாத எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும். பத்து பெரிங்கியில் நீங்கள் கேட்ட அலறல் இதுதான். வளையும்போது படகு சாய்வதால் விசிறி மேற்பரப்பை நெருங்குகிறது, காற்று புகுந்துவிடுகிறது. இதற்கு வென்டிலேஷன் என்று பெயர்.

காலின் மேலே உள்ள தட்டையான தகடு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அது விசிறிக்கு ஒரு கூரை, காற்று கீழே இறங்காமல் தடுக்கிறது. பல கடைகளில் அதைக் 'கேவிட்டேஷன் தகடு' என்று சொல்லி விற்பார்கள். பெயர் தவறு. கேவிட்டேஷன் வேறு ஒன்று, அதை இந்தத் தகடு தடுப்பதே இல்லை.

கேவிட்டேஷன் என்பது தண்ணீர் கொதிப்பது. சூடாக்காமலேயே கொதிப்பது! மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 பாகைக்குக் கீழேயே கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்தால்? நம் கடலின் 30 பாகை வெப்பத்தில், அழுத்தம் சுமார் 4,200 பாஸ்கலுக்கு இறங்கினால் தண்ணீர் ஆவியாகத் தொடங்கிவிடும். சாதாரணக் காற்றழுத்தம் ஏறத்தாழ 101,000 பாஸ்கல். மிக வேகமாகச் சுழலும் விசிறி இதழின் முன்பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு கீழே போய்விடக்கூடும். அங்கே ஆவிக் குமிழிகள் பிறக்கும். சற்றுத் தள்ளி அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் அவை படாரென்று நொறுங்கும். அப்போது எழும் அடி சிறியதுதான், ஆனால் நொடிக்கு எத்தனை ஆயிரம் அடிகள்! உலோகம் அரிக்கப்பட்டுக் குழிகுழியாகிவிடும். பழைய விசிறி ஒன்று கையில் கிடைத்தால் இதழைத் தடவிப் பாருங்கள். அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால் அது கேவிட்டேஷனின் கைவரிசையாக இருக்கலாம்.

இதில் முதன்முதலாகப் பெரிய அளவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவர். அதைக் கப்பலில் வைத்தால் உலகின் வேகமான கப்பல் கிடைக்கும் என்று நம்பி 1894-இல் 'டர்பினியா'வைக் கட்டினார். கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. ஒற்றை அச்சு, பயங்கர வேகச் சுழற்சி, எறியப்பட்டதோ பெரும்பாலும் ஆவி. அவர் ஒரு சிறிய நீர்த்தொட்டியைச் செய்து, அதற்குள் குட்டி விசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குமிழிகளைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஒற்றை அச்சை மூன்றாக்கி, அச்சுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள் மாட்டினார். 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் டர்பினியா அழைப்பில்லாமல் நுழைந்து, கடற்படைக் கப்பல்களுக்கு இடையே 30 நாட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்தது. துரத்திய படகுகளால் பிடிக்க முடியவில்லை. அந்தக் கப்பலை நியூகாசல் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

தாகத்தில் சாகும் எஞ்சின்

விசிறியை உயர்த்துவதில் இன்னொரு ஆபத்து உண்டு. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானது என்பேன், ஏனென்றால் இது அலறிக் காட்டிக்கொடுக்காது. பல படகு எஞ்சின்கள் கடல்நீரை உறிஞ்சித்தான் தங்களைக் குளிர்வித்துக்கொள்கின்றன. அந்த நீர் உள்ளே போகும் துளைகள் காலின் இரு பக்கங்களில், விசிறிக்குச் சற்று மேலே இருக்கும். காலை அளவுக்கு மீறித் தூக்கினால் துளைகள் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். படகு அருமையாக ஓடும். எஞ்சினோ உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். அதனால்தான் பந்தயப் படகுகளின் காலில் துளைகளை உருளையின் மூக்கு நுனிக்கு, அதாவது மிகக் கீழே, மாற்றி வைக்கிறார்கள். ஓட்டுபவர் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்ப்பதுபோலவே குளிர்நீரின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரியான உயரம் எது?

தொடங்குவதற்கு ஒரு எளிய விதி உண்டு: காலின் மேலுள்ள தகடு, படகின் அடிப்பாகத்துக்கு நேராக இருக்கட்டும். ஜெட்டியில் கட்டிக் கிடக்கும்போது பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அப்போது தகடு நன்றாக மூழ்கியிருக்கும். படகு வேகமெடுத்து, உடம்பைத் தூக்கி நீரின்மேல் சறுக்கத் தொடங்கியதும்தான் உண்மையான உயரம் தெரியும்.

அவுட்போர்டு வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். எஞ்சினை மாட்டும் தாங்கியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைகள் இருக்கும். பெரிய எஞ்சின்களில் இடைவெளி பொதுவாக முக்கால் அங்குலம், சுமார் 19 மி.மீ. ஒரு துளை உயர்த்தி மாட்டு, ஓட்டிப் பார், வளைத்துப் பார். இன்னொரு துளை. வளைவில் காற்றுப் பிடிக்கத் தொடங்கினால் ஒரு துளை இறக்கிவிடு. தெலுக் பஹாங்கில் ஒரு பாக் சிக், எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் சொருகி இதையே செய்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் அளவுகோல் இல்லை. காது இருந்தது.

ஸ்டெர்ன்டிரைவில் அப்படி விளையாட முடியாது. எஞ்சின் உள்ளே, கால் வெளியே, நடுவில் பின்பலகையில் வெட்டிய துளை. துளையை எந்த உயரத்தில் வெட்டினார்களோ அதுதான் எக்ஸ் அளவு. இரண்டு அங்குலம் தவறினால் துளையை அடைத்து, மறுபடி வெட்டி, எஞ்சின் உட்காரும் மேடையையும் உயர்த்த வேண்டும். இதற்குப் பயந்து சிலர் குட்டையான கீழ்க்கால் வாங்கி மாட்டுவார்கள். மிக உயரத்தில் வெட்டிவிட்டவர்கள் காலின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே ஒரு கனமான தகட்டைச் சொருகி நீளமாக்குவார்கள். தையற்காரர் துணியை வெட்டுவதற்குமுன் இரண்டு முறை அளப்பார் அல்லவா? இங்கே பத்து முறை அளந்தாலும் தகும்.

இன்னொரு நுணுக்கம். படகின் அடியிலிருந்து விடுபட்ட தண்ணீர் பின்னால் போகப் போகச் சற்று மேலெழும். ஆகவே காலைப் பின்பலகையிலிருந்து தள்ளி மாட்டினால், அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். 10 அங்குலம் பின்னால் போனால் சுமார் 1 அங்குலம் உயர்த்தலாம் என்பது பட்டறைகளின் தோராயக் கணக்கு.

பிடி எவ்வளவு நழுவுகிறது என்பதை எண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். விசிறி ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பது அதன் பிட்ச். திருகாணி ஒரு சுற்றில் மரத்துக்குள் இறங்கும் தூரத்தைப்போல. பிட்ச் 19 அங்குலம், அதாவது 48.26 செ.மீ. என்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் அதைப் பாதியாக்கி 2500 ஆக விசிறிக்குத் தருகிறது. நிமிடத்துக்கு 1206 மீட்டர், மணிக்கு சுமார் 72 கி.மீ. போக வேண்டும். ஜிபிஎஸ் 63 காட்டினால், 9 கி.மீ. நழுவிவிட்டது, ஏறத்தாழ 13 விழுக்காடு. கொஞ்சம் நழுவல் எப்போதும் இருக்கும், அது இல்லாமல் தள்ளலே இல்லை. ஆனால் ஒரு துளை உயர்த்தியதும் நழுவல் திடீரென்று எகிறினால், உயரம் எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

பாதி விசிறி வெளியே

இவ்வளவு நேரம் காற்றைத் திருடன் என்றேன். மிக வேகமான பந்தயப் படகுகளில் அதே திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். விசிறியின் மேல்பாதி வேண்டுமென்றே தண்ணீருக்கு வெளியே சுழலும். இதழ் ஒவ்வொன்றும் காற்றிலிருந்து தண்ணீரைக் கத்திபோல வெட்டி இறங்கும். இறங்கும்போது முன்பக்கத்தில் காற்றையும் கூடவே கொண்டுவரும். அழுத்தம் குறைந்த அந்த இடத்தை இப்போது ஆவி நிரப்புவதில்லை, காற்று நிரப்புகிறது. ஆவிக் குமிழியைப்போல காற்று படாரென்று மறைந்துவிடாது. எனவே அரிப்பு இல்லை. இதழின் பின்பக்கம் மட்டும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். காலும் உருளையும் பெரும்பாலும் வெளியே இருப்பதால் எதிர்ப்பு மிகக் குறைவு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பர்ட் ஹிக்மன் தன் 'சீ சிலெட்' படகுகளில் இத்தகைய விசிறியை வைத்தார். 1980களில் இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான ஹோவர்ட் ஆர்னெசன். நீச்சல்குளத்தைத் தானாகவே சுத்தம் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தவரும் இவரே!

இதற்குச் சாதாரண விசிறி உதவாது. இதழின் பின்விளிம்பு தடித்து, வெட்டுக்கத்தியைப்போல நேராக முடிய வேண்டும். விளிம்பில் சிறிய வளைவு ஒன்றும் வேண்டும், தண்ணீரைக் கரண்டிபோல அள்ளிப் பிடிக்க. இருந்தாலும் கிளம்பும்போதும் பின்னோக்கிப் போகும்போதும் இது சொதப்பும். ஒவ்வொரு இதழும் தண்ணீரில் இறங்கும்போது சுத்தியலால் அடிப்பதுபோல கியர்களில் இடி விழும். இதழ்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அந்த இடியைச் சற்று மென்மையாக்கத்தான்.

பக்கவாட்டு இழுப்பும் உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுழலும் விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் கீழ் இதழ்கள் இடப்பக்கமாகப் போகின்றன, தண்ணீரை இடப்பக்கம் தள்ளுகின்றன. படகின் பின்பகுதி வலப்பக்கம் நகரும். முழுதும் மூழ்கிய விசிறியில் மேல் இதழ்கள் இதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பாதி மூழ்கியதில் அந்த ஈடு இல்லை. இரட்டை எஞ்சின் படகுகளில் இரண்டு விசிறிகளையும் எதிரெதிர்த் திசையில் சுழலவிடுவது இதனால்தான்.

மிகப் பெரிய ஆபத்து, மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டும் வேகங்களில் சாதாரணக் காலை மாட்டி ஓட்டுபவர்களுக்கு வருகிறது. உருளையின் மொண்ணை மூக்கைச் சுற்றியே தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவி ஒரு கணத்தில் பின்னால் பரவி விசிறியை மூடிவிடும். தள்ளலும் திசைப்பிடியும் ஒரே நொடியில் போய், படகு பக்கவாட்டில் திரும்பி, ஓட்டுபவர் தூக்கியெறியப்படலாம். கூர்மூக்குள்ள கால்கள் வந்தது இதைத் தள்ளிப்போடத்தான். ஓட்டுபவரின் உடையில் மாட்டியிருக்கும் சுருள் கயிறு இதற்காகவும்தான். அவர் இருக்கையை விட்டு விழுந்தால் கயிறு பிடுங்கப்படும், எஞ்சின் நின்றுவிடும். விழுந்தவரை நோக்கி ஆளில்லாத படகும் சுழலும் விசிறியும் திரும்பி வராது. பத்து பெரிங்கியில் எப்போதாவது வேகப்படகில் ஏறினால், ஓட்டுபவர் அந்தக் கயிற்றை மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். மாட்டாவிட்டால் "அண்ணே, கயிறு" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

விசிறியின் உயரத்துக்குத் தண்ணீரின் ஆழமும் ஒரு காரணம். பினாங்குப் பாலத்துக்கு அருகே, தீவை ஒட்டி, மிடில் பேங்க் என்ற ஆழமில்லாத கடற்புல் மேடு இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் தாழ்ந்த விசிறியோடு இத்தகைய மேட்டின்மேல் போனால் புல் வேரோடு பெயரும், சேறு கிளறும், விசிறியும் உடையும்.

இந்தச் சிக்கலுக்குக் கணினியும் ஹைட்ராலிக்கும் இல்லாமல் விடை கண்டவர்கள் உண்டு. தாய்லாந்திலும் நம் வடக்குக் கரைகளிலும் ஓடும் நீள்வால் படகைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டுச் சோழமண்டலக் கரையின் பைபர் படகுகளிலும் இதே வகை எஞ்சின்தான் பல இடங்களில் ஓடுகிறது. எஞ்சின் மேலே, அதிலிருந்து சாய்வாக நீளும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் விசிறி. எஞ்சின் முழுவதும் தராசுத் தட்டைப்போல ஆடும். ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலே வரும், விட்டால் இறங்கும். அலை உடையும் கரையிலும் சேற்று மேட்டிலும் தூக்குவார், ஆழத்தில் இறக்குவார், காற்றுப் பிடித்து எஞ்சின் அலறினால் இன்னும் ஒரு விரற்கடை இறக்குவார். அவருடைய எக்ஸ் அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும்.